எலும்பைத் தயாரித்தவர் யார்?

லாயாங் லாயாங் என்ற ஊரின் ரயில் நிலையத்துக்கு எதிரே செல்வராணி பதினெட்டு வருஷமாக ஆட்டெலும்பு சூப் விற்று வந்தாள். காளிதாஸ் கறிக்கடையில் எலும்பு வாங்கி, உடைத்து, இஞ்சி, பூண்டு, மிளகு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, நாலு மணி நேரம் கொதிக்க விடுவாள். இதில் அரசாங்கம் கவலைப்பட என்ன இருக்கிறது என்றுதான் அந்தப் பேதை நினைத்திருந்தாள்.

இந்த வருஷம் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது ஒரு புது விண்ணப்பப் பாரத்தை நீட்டினார்கள். பொதுமக்கள் நலனை முன்னிட்டு, சூப்பில் விழும் ஒவ்வொரு பொருளுக்கும் தயாரிப்பாளர் பெயர், முகவரி, காலாவதித் தேதி எழுத வேண்டுமாம். எழுதாவிட்டால் கடை கிடையாது. அந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு கதியும் கிடையாது.

அதிகாரி சிவகணேசன் நல்ல மனிதர். விதியைத் தவிர யாருக்கும் பயப்படாதவர்.

"எலும்பைத் தயாரிச்சது யாரும்மா?"

"ஆடு சார்."

"முகவரி?"

"காளிதாஸ் கடைக்குப் பின்னால கட்டியிருப்பாங்க சார்."

எழுதிக்கொண்டார். "காலாவதித் தேதி?"

"வெட்டுன அன்னிக்கேதான் சார்."

சிவகணேசன் பேனாவை மூடினார். "அப்படின்னா நீங்க காலாவதியான பொருள விக்கிறீங்க. மன்னிக்கணும்."

பிறகு அவரே மனமிரங்கி வழி சொன்னார். சூப்புப் பொடி பாக்கெட் வாங்கினால், பாரத்துக்கு வேண்டியதெல்லாம் அதன் முதுகிலேயே அச்சடித்திருக்கும். அதில் எலும்பு உண்டா என்று செல்வராணி கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பாரத்தில் கட்டம் இல்லை என்றார்.

அவளும் பொடியின் பெயரை எழுதிக் கொடுத்து லைசென்ஸ் வாங்கினாள். பாக்கெட்டுகளைக் கடை முன்னால் அடுக்கினாள். அடுப்பில் வழக்கம்போல எலும்பைப் போட்டாள்.

சோதனைக்கு வந்த சிவகணேசன் அதைப் பொடி சூப் என்றே நம்பி மூன்று கிண்ணம் குடித்தார். விதிப்படி நடந்தால் ருசி தானாக வரும் என்று கண்கலங்கி அறிக்கை எழுதினார். அறிக்கையைப் படித்த மேலிடம், வட்டாரத்துச் சூப்புக் கடைகள் அத்தனையும் பொடிக்கு மாற வேண்டும் என்று உத்தரவு போட்டது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள்கூட 'எலும்பு தொடாத சுத்தமான சூப்' என்று படம் பிடித்துப் போட்டார்கள். முன்மாதிரிக் கடைக்காரர் என்று செல்வராணியை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். உண்மையைச் சொன்னால் கடை போய்விடும். வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். போட்டோவில் நன்றாகவே விழுந்திருந்தாள்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் காளிதாஸிடம் எலும்பு இல்லை.

"எலும்ப இப்ப யாரு வாங்குறாங்கக்கா? எலும்பில்லாத கறிப் பெட்டிதான் எறக்குறேன். எல்லாம் ஒங்க சூப் செஞ்ச வேலைதானே."

அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது. அவனைத் திட்டினாளா, தன்னையே திட்டிக்கொண்டாளா என்பது அவளுக்கே தெரியாது.

அன்றைக்கு வேறு வழியில்லாமல் பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டினாள். வந்தவர்கள் குடித்தார்கள், வேர்வையைத் துடைத்தார்கள், அக்கா கைப்பக்குவமே தனி லா என்று இன்னொரு கிண்ணம் கேட்டார்கள். பதினெட்டு வருஷமாகக் குடிக்கிறவர்களில் ஒருத்தருக்காவது நாக்கு இல்லையா என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஆத்திரத்தோடு தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

பாழாய்ப் போனது, நன்றாகத்தான் இருந்தது.