இடுப்பு வலிக்கு ஓர் உடும்பு

இசக்கிபாண்டிக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது போலிருந்தது. ஒடியவில்லை. ஒடிந்திருந்தால் லீவாவது கிடைத்திருக்கும். ஒரகடத்தில் பிரஸ் ஷாப் வேலை. தகடு நிறைந்த பெட்டியைக் குனிந்து தூக்கி, நிமிர்ந்து வைத்து, மறுபடி குனிய வேண்டும். ஷிப்ட் முடிந்தபோது கடைசியாகக் குனிந்தவன் நிமிர முடியாமல், அப்படியே நடந்து கேன்டீனுக்கு வந்து மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா பாண்டி, இடுப்பா?" என்றான் நடேசன்.

நடேசன் உள்ளூர்க்காரன், பக்கத்துச் சேரப்பணஞ்சேரி. நிலம் கம்பெனிக்குப் போனபின் அதே லைனில் பெட்டி தூக்க வந்தவன். அவன் இடுப்புக்கு மட்டும் எதுவும் வந்ததில்லை. மாத்திரை, களிம்பெல்லாம் வேலைக்காகாது, உடும்புக்கறி ஒரு வேளை தின்றால் போதும் என்றான்.

"எங்கூர்லயும் அப்படித்தான் சொல்லுவாவ அண்ணே. இங்க உடும்புக்கு எங்க போக?"

"எங்கிட்ட ஒண்ணு கீது."

காசு வேண்டாம் என்றான். அந்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காண்ட்ராக்டர் தலையை எண்ணுவான், முகத்தைப் பார்க்க மாட்டான். ஒருவன் பேரில் இன்னொருவன் நின்றாலும் லைன் ஓடினால் சரி. கூலி பேருக்குரியவனுக்குப் போகும். உடும்பின் விலை, நடேசன் பேரில் இரண்டு நைட் ஷிப்ட்.

இடுப்பு சரியாகிவிட்டால் இரண்டு நைட் என்ன பெரிய நைட் என்று இசக்கிபாண்டி ஒப்புக்கொண்டான். அவனுக்கு எதிலும் தைரியம் அதிகம். வெல்டிங் தெரியுமா என்று கேட்டவரிடம் தெரியும் என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்து, இன்றுவரை கற்றுக்கொள்ளாதவன்.

கோணிப்பையோடு ரூமுக்கு வந்தான். உடன் தங்கியிருந்த பிச்சையா பையையும் இவனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"யாருல அறுக்கது?"

"நாந்தான். நான் பாக்காத உடும்பா?"

பார்த்திருந்தான். அறுத்ததில்லை. குளியலறையில் பையை அவிழ்த்ததும் உடும்பு நிதானமாக வெளியே வந்து, நாக்கை நீட்டி, வாடகைக்கு ரூம் பார்க்க வந்தவன் மாதிரி நாலு சுவரையும் பார்த்தது. அதன் இடுப்பைச் சுற்றிப் பழைய கயிற்றுத் தடம் ஒன்று இருந்தது.

"அதுக்கும் இடுப்புதாம்ல பிரச்சினை போல," என்றான் பிச்சையா.

உடும்பு சுவரேறி ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு இவர்களைக் குனிந்து பார்த்தது. இசக்கிபாண்டி கத்தியைக் கீழே வைத்தான். கறியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றான். மறுநாள் இருவரும் குளிக்காமல் வேலைக்குப் போனார்கள்.

அன்று கம்பெனியில் வன உயிரின வாரம். வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து கேன்டீனில் பேசினார். டீயும் பிஸ்கட்டும் இலவசம் என்பதால் கூட்டம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி எந்தப் பட்டியலில் இருக்கிறதோ அதே முதல் பட்டியலில்தான் உடும்பும் இருக்கிறது, தண்டனை மூன்று வருஷத்தில் தொடங்கி ஏழு வருஷம் வரை போகும் என்றார். இசக்கிபாண்டி இரண்டு நாளில் முதல் தடவையாக நிமிர்ந்து நின்றான்.

"சார், மருந்துக்குன்னு வச்சிருந்தா?"

"மருந்துக்குன்னாலும் அதே மூணு வருஷம்தான்."

"கொல்லாம, சும்மா வச்சிருந்தா?"

"வெச்சிருந்தாலே கேஸ்தான். நீ எதுக்குக் கேக்குற?"

"பொது அறிவுக்கு சார்."

முன்வரிசையிலிருந்த நடேசன் எல்லாரையும் விடப் பலமாகக் கைதட்டினான்.

கூட்டம் கலைந்ததும் இசக்கிபாண்டி அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், உடும்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னான். நடேசன் காதைப் பொத்திக்கொண்டான். தெரியாமல் கொடுத்துவிட்டேன், இப்போது வாங்கினால் தெரிந்து வாங்கியதாகிவிடும் என்றான்.

"இப்ப அது யார் ரூம்ல கீது?"

"என் ரூம்ல."

"அப்ப கேஸும் உன் ரூமுக்குத்தான்."

சரி, நானே காட்டில் விட்டுக்கொள்கிறேன் என்று கிளம்பினான் இசக்கிபாண்டி. பிச்சையா தனக்கென்று வைத்திருந்த முட்டையைக் காட்டியதும் உடும்பு கூப்பிட்ட பிள்ளை மாதிரி இறங்கி வந்து பைக்குள் போனது. ஆனால் ஒரகடத்தில் காட்டுக்கு எங்கே போவது? ஒரு காம்பவுண்டுச் சுவர் முடிந்தால் அடுத்த காம்பவுண்டுச் சுவர். நடுவில் கொஞ்சம் முள்ளுச்செடி தெரிந்த இடத்தில் பையை இறக்கினான். அங்கேயும் ஒரு செக்யூரிட்டி இருந்தான். செம்புக் கம்பி திருடுகிறவர்கள் அந்த வழியாகத்தான் வருவார்களாம்.

"பையில இன்னா?"

"கருவாடு அண்ணே."

"கருவாடு ஏன்டா ஆடுது?"

"ஈரக் கருவாடு அண்ணே."

செக்யூரிட்டி விசிலை வாயில் வைத்தான். புலிக்குச் சமமான பிராணியை முதுகில் போட்டுக்கொண்டு இசக்கிபாண்டி ஓடினான். ரூமுக்கு வந்து விழுந்தபோது, இடுப்பில் மட்டும் இருந்த வலி இடது கால்வரை இறங்கியிருந்தது. பிச்சையா வேறு, இதை வெளியே போடு, இல்லாவிட்டால் நான் வேறு ரூம் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

மறுபடி நடேசனிடமே போனான். ஜெயிலுக்குப் போனால் ஊரில் அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டபோது அவன் குரலில் பழைய தைரியம் இல்லை. நடேசன் அவன் தோளில் கை போட்டான்.

"என் வூட்டுக்குப் பின்னால ஏரிக்கரை கீது. எவனும் வரமாட்டான். நானே கூட வந்து வுட்டுட்றேன். மாட்டுனா எனக்கும் ஏழு வருஷம், பாத்துக்கோ. இன்னும் ரெண்டு நைட் சேத்துப் போடு."

ஏழு வருஷத்துக்கு நாலு நைட் மலிவுதான் என்று பட்டது. பொழுது சாயும் நேரத்தில் கரையில் பையை அவிழ்த்தார்கள். உடும்பு அவசரமில்லாமல், வழி தெரிந்த மாதிரி புதருக்குள் போனது. இசக்கிபாண்டி கைகூப்பினான். நடேசனையும் கும்பிட்டான். சட்டத்தையும் காப்பாற்றி, உடும்பையும் காப்பாற்றி, தன்னையும் காப்பாற்றிக்கொண்ட ஆள் அந்த வட்டாரத்திலேயே தான் ஒருவன்தான் என்ற நினைப்பில் அன்றைக்கே முதல் நைட்டுக்குப் போய் நடேசன் பேரில் பெட்டி தூக்கினான்.

காலையில், குனிந்தவன் குனிந்தபடியே நடேசன் வீட்டுக்கு வந்தான். ஒரு நைட் கழிந்தது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். நடேசன் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி சின்னப்பொண்ணு கையில் ஒரு முட்டையோடு கொல்லைப்பக்கம் போய்க்கொண்டிருந்தாள். இவனுக்கு மனசு கேட்கவில்லை.

"யக்கா, நேத்து சாயங்காலம் ஒரு உடும்பை விட்டோம். நாய் கீய் கடிக்காம பத்திரமா போயிருக்குமா?"

சின்னப்பொண்ணு நின்று அவனை இரக்கத்தோடு பார்த்தாள்.

"போன மாசம் வுட்ட பையனும் இதே மாதிரிதான் வந்து கேட்டுச்சு, அது எப்பவும்போல இருட்றதுக்குள்ள வூட்டுக்கு வந்து பட்த்துகீது தம்பி, நீ கவலப்படாம போயி தூங்கு, உனுக்குத்தான் இன்னும் மூணு நைட் பாக்கி கீது."