நேற்றைய ரொட்டி

என் செல்லப் பேத்திக்கு, அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் கடிதம் எழுதித் தரச் சொல்லி இதுவரை எவரிடமும் போய் நிற்காத உன் பாட்டி, தன் கைப்பட எழுதுவது. "நான் நலம், நீ நலமா" என்று தொடங்கவேண்டும் என்று அந்தக் காலத்துப் பள்ளிக்கூட டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நீ நலமாகத்தான் இருப்பாய். நான் நலமாக இல்லை. காரணம் உன் ரொட்டி.

நீ ரொட்டி கம்பெனி தொடங்கி, ஒரு பாக்கெட் வாங்கினால் இன்னொன்று, இல்லாதவர் வீட்டுக்குப் போகும் என்று உறையில் அச்சடித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒண்டிக்கட்டை நான், பல்லும் கட்டின பல், ஆனாலும் நாலு வீடு சாப்பிடட்டுமே என்று தினம் நாலு பாக்கெட் வாங்கினேன். போன மாதம் அப்படி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மூட்டு வலிக்கிறதே என்று கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கட்டியிருந்தது ஒட்டுப் போட்ட பழைய துணி. பல்லோ வீட்டில், டம்ளரில். உன் கம்பெனி வேன் வந்து நின்றது. தொப்பி போட்ட பெண் ஒருத்தி இறங்கி, "பாட்டி, இது உங்களுக்கு" என்று சூடாக ஒரு ரொட்டியைக் கையில் வைத்து, "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றாள். முதலாளியம்மாவின் பாட்டி என்று கண்டுபிடித்துவிட்டாளே, என்ன மரியாதை தெரிந்த பெண் என்று நானும் ஈ என்று இளித்துவிட்டேன்.

இந்த வாரம் பாக்கெட்டைத் திருப்பினால் நான்! கீழே, "உங்களால் இன்று இந்தப் பாட்டி பசியாறினார்." அன்றிலிருந்து நான் படும் பாட்டைக் கேள். கடைக்காரர், "உங்களுக்குத்தான் வண்டியிலயே வருதே, எதுக்குக் காசை வீணாக்குறீங்க?" என்று எனக்கு ரொட்டியே விற்பதில்லை. மாடி வீட்டுக்காரி ஒரு பாத்திரம் சாப்பாட்டோடு வந்து மூக்கைச் சிந்திவிட்டுப் போகிறாள். அதில் உப்பும் இல்லை. உன் சின்னத் தாத்தா போனில், "அண்ணி, உங்க மகன் உங்களுக்குச் சோறு போடுறதில்லையா? சொல்லுங்க, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கறேன்" என்று குதிக்கிறார். உன் அப்பனோ, "அம்மா, என் ஆபீஸ்ல எல்லாரும் அந்த ரொட்டிதான் சாப்பிடுறாங்க, நான் யார் முகத்துல முழிப்பேன்?" என்று அழாத குறை. அந்தப் படத்தை உறையிலிருந்து எடுத்துவிடு. என் மானம் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொரு காரணமும் உண்டு. அதை உன் அப்பனுக்குக்கூட நான் சொன்னதில்லை.

உன் தாத்தாவின் ரொட்டிக்கடையில் இரண்டு தட்டு. மேல்தட்டில் இன்றைய ரொட்டி. கீழ்த்தட்டில் நேற்றைய ரொட்டி, பாதி விலை. என் அப்பா படுக்கையில் விழுந்து, நான் பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம் முதல் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தட்டுதான். கொஞ்சம் வளர்ந்த பிறகு ஒரு நாள் எடுத்தேன், கை சுட்டுவிட்டது. "ஏண்ணே, நேத்து ரொட்டி இப்படிச் சுடுதே?" என்றேன். (அப்போது அண்ணன்தான், சிரிக்காதே.) முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல், "நேத்து அடுப்புல சூடு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். அந்த ஒரு பொய்க்காகத்தான் பின்னால் கழுத்தை நீட்டினேன். கல்யாணமாகிக் கல்லாவில் உட்கார்ந்த பிறகு பார்த்தால், நேற்றைய ரொட்டி என்று ஒன்று அந்தக் கடையில் இருந்ததே இல்லை. எல்லாம் ஒரே அடுப்பில் வெந்து, பாதி கீழே போகும். யார் யார் குனிந்து எடுத்தார்கள் என்று கடைசிவரை என்னிடம்கூட அவர் வாய் திறந்ததில்லை. மாவு படிந்த அந்தப் புருவம் இப்போதும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அவர் ரத்தம் நீ. கொடுப்பதை நிறுத்தாதே கண்ணு. வாங்குகிறவர் முகத்தை மட்டும் ஊருக்குக் காட்டாதே.

உன் அடுப்பு அணையாமல், உன் மாவு பொங்குவது குறையாமல், நீ நூறு வயசு இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன்னால் பசியாறிய பாட்டி

பி.கு.: இதை ஒட்டப் போகும் நேரத்தில் கீழ்வீட்டுத் தையல்காரர் கதவைத் தட்டினார். கண் மங்கித் தொழிலை விட்டு வருஷமாகிறது. யார் வீட்டிலும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்காத மனுஷர். "அந்த வேன் எத்தனை மணிக்கு வரும்மா? பாக்கெட்ல உங்க படம் இருக்காமே, நீங்களே வாங்கிக்கறீங்களேன்னுதான்..." என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. மற்றவர் முகம் ஒன்றுகூட வேண்டாம், என் படம் மட்டும் இருக்கட்டும். காலை எட்டு மணிக்கு வேனில் எனக்கும் ஒன்று வைக்கச் சொல்; அவர் பக்கத்தில் நானும் நிற்கிறேன். ஆனால் வேறு படம் எடுக்க ஆள் அனுப்பு. இந்தத் தடவை பல்லோடு.