ஸ்ட்ரைக்கைக் கல்யாணமாக்கிய கதை

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இருபத்திரண்டு வயதில் அந்த ஆண்டி நான்தான்.

அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் ரோட்டில் ஒரு கடை மாடியை ஆபீசாக வைத்து, மாணிக்கம் அண்ணன் தன் கடைசிப் படத்தை எடுத்து முடித்திருந்தார். நெஞ்சு வலி. இனி படம் எடுத்தால் ஆள் மிஞ்சமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அவருக்கு உதவி இயக்குநர் (டீ வாங்கி வருவதும் அதில் அடக்கம்). துறைமுக வேலைநிறுத்தம்தான் கதை. கை உயர்த்திக் கோஷம் போட்ட கூட்டம் முழுக்க நிஜமான துறைமுக ஆட்கள்.

"அவங்க கதைய அவங்க ஒரு தடவையாவது திரையில பாக்கணும்டா" என்பார் அண்ணன்.

தணிக்கையில் அந்தக் கோஷக் காட்சியையே வெட்டச் சொல்லிவிட்டார்கள். அது போனால் படத்தில் மிச்சம் கதாநாயகன் சோறு தின்பது மட்டும்தான். அண்ணன் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். அப்போதா என் வாய் சும்மா இருக்கும்?

"அண்ணே, எல்லாரும் கையத்தானே தூக்குறாங்க? சத்தத்த மட்டும் மாத்துவோம். 'கெட்டிமேளம், கெட்டிமேளம்'னு கத்தவிட்டு நாதஸ்வரத்தப் போட்டா கல்யாணம் ஆயிடும்!" (தாலி கட்டும்போது கையைத் தூக்கி அப்படித்தானே கத்துகிறோம்!)

வேறு வழியில்லாமல் தலையாட்டினார். அத்தனை பேருக்கும் குரல் கொடுத்தது நானே. தொண்டை கட்டிவிட்டது.

மறுபடி தணிக்கை. அங்கிருந்த தமிழ் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"கல்யாணம்னா பொண்ணு எங்கலா?"

"உள்ள அலங்காரம் நடக்குது சார்."

"போலீஸ் எதுக்கு?"

"மாப்பிள்ளைக்குச் சொந்தக்காரங்க சார்."

விழுந்து விழுந்து சிரித்தார். அனுமதியும் தந்தார். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் காட்சிக்குத் துறைமுக ஆட்கள் குடும்பத்தோடு வந்தார்கள். சோகம் முற்றி அந்தக் கட்டம் வந்தது. போலீஸ்காரர் தடியை ஓங்க, "கெட்டிமேளம்!" என்றது என் கரகரத்த குரல். கொட்டகையே சிரித்தது. "யார் கல்யாணத்துக்குய்யா போனே, எங்கிட்ட சொல்லாம?" என்று ஒரு அம்மா பக்கத்திலிருந்த கணவனைக் கேட்டார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. சில நாளில் படத்தைத் தூக்கிவிட்டார்கள். அவர் என்னைத் திட்டவே இல்லை. நாலு அறை விட்டிருந்தாலும் மனசு ஆறியிருக்கும்.

மறு வருஷம் என் கல்யாணம். அண்ணன் வந்தார், துறைமுக ஆட்களும் வந்தார்கள். நான் தாலியை எடுத்ததுதான் தாமதம், பின்னாலிருந்து அத்தனை பேரும் முஷ்டியை உயர்த்தி, படத்தில் நான் அழித்த அந்தக் கோஷத்தை முழங்கினார்கள்.

"கேட்டதைக் கொடு! இல்லேன்னா கப்பல் நகராது!"

நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். புதுசாகச் சீர் கேட்கிறார்கள் என்று நினைத்து மாமனார் வெலவெலத்துப் போனார். மாணிக்கம் அண்ணன் அழுதார். அழுதுகொண்டே அவரும் கையைத் தூக்கினார்.

என் மனைவி இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்: "எனக்கு எங்கங்க கெட்டிமேளம் கொட்டுனாங்க? ஸ்ட்ரைக்கு நடுவுலதான் தாலி ஏறுச்சு!"