ஆஸ்திரேலியத் தேர்தலில் நான் குத்திய முத்திரை

ஏதோ ஒரு நாட்டின் தேர்தலில் அந்நிய சக்தி தலையிட்டுவிட்டதாகத் தொலைக்காட்சியில் செய்தி வரும்போதெல்லாம் நான் ரிமோட்டைத் தேடுவேன். என் மனைவி அதை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பாள். அந்நிய சக்தி எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஐந்தடி நான்கு அங்குலம், முன்வழுக்கை, சொந்த ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஷார்ஜா தொழில்பேட்டையில், எண்ணெய்க் கம்பெனிகளுக்கு இரும்புச் சட்டங்கள் செய்து கொடுக்கும் ஒரு யார்டில் டாக்குமெண்ட் கன்ட்ரோலர் வேலை. பெயரைக் கேட்டு என் அம்மா ஊரில் 'கன்ட்ரோலர்' என்ற பாதியை மட்டும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் வரைபடங்களுக்கு எண் போட்டு அடுக்குவதும் முத்திரை குத்துவதும்தான் என் வேலை. திருத்திய வரைபடம் வந்தால் பழையதன் தலையில் 'சூப்பர்சீடட்' என்று சிவப்பு மையில் குத்த வேண்டும். இதற்குப் புதியது வந்துவிட்டது, இனி இது செல்லாது என்று அர்த்தம். நான் அந்த முத்திரையைக் கொஞ்சம் அதிகமாகவே நேசித்தேன் என்று நினைக்கிறேன். ஒருநாளைக்கு இருநூறு தடவை 'செல்லாது' என்று சொல்லும் அதிகாரம் அதற்குமுன் என் வம்சத்தில் யாருக்கும் கிடைத்ததில்லை.

அங்கே இரண்டு ஆஸ்திரேலியர்கள் இருந்தார்கள். ப்ராஜெக்ட் மேனேஜர் காலின், சேஃப்டி ஆபீசர் ராஸ். ராஸின் அக்காவைத்தான் காலின் கட்டியிருந்தார். அதாவது மாமனும் மச்சானும். ராஸுக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே காலின்தான். இது தெரிந்த நாளிலிருந்து அவர்கள் சண்டை எனக்கு நன்றாகப் புரிய ஆரம்பித்தது. (பேசியதெல்லாம் ஆங்கிலம், அதிலும் பாதியை மூக்குக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஆங்கிலம். எனக்குப் புரிந்தபடி நம் பேச்சில் தருகிறேன்.)

சண்டை ஒரு ஆலையைப் பற்றியது. அவர்கள் ஊரில் ஒரு ஆறு கடலில் கலக்கும் இடத்தில் மரக்கூழ் ஆலை கட்டப்போகிறார்கள். ராஸின் அப்பா அந்தக் கழிமுகத்தில்தான் சிப்பி வளர்த்தார். ஆலை வந்தால் சிப்பி போய்விடும், ஆறும் போய்விடும் என்றார் ராஸ். ஊரில் இளைஞர்களுக்கு வேலை இல்லை, ஆலை வந்தால்தான் ஊர் நிற்கும் என்றார் காலின். தேர்தல் வந்தது. ஒரு கட்சி ஆலைக்கு ஆதரவு, இன்னொன்று எதிர்ப்பு. அந்தத் தொகுதியோ ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஓட்டில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும் இழுபறித் தொகுதி.

"உன் பையனுக்கு அங்கே வேலை போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. அதான் நீ பேசுறே," என்பார் ராஸ்.

"ஆமா, பேசுறேன். நீ உன் அப்பாவோட சிப்பியை வச்சு ஊருக்கே சோறு போடுவியா?"

இந்த அளவுக்கு வந்தபின் கதவைச் சாத்திக்கொள்வார்கள். போன கிறிஸ்துமஸுக்கு ராஸ் அக்கா வீட்டுக்கே போகவில்லை என்று டீ போடும் மலையாளி சொன்னார்.

நான் வெளியில் நடுநிலை, உள்ளுக்குள் ராஸ் கட்சி. எங்கள் கடற்கரையிலும் ஒரு தொழிற்சாலை உண்டு. அதன் குழாய் கடலில் விழும் இடத்தில் தண்ணீர் ஒரு மாதிரி மஞ்சளாக இருக்கும். அப்பா வலையில் செத்த மீன் ஏறிய ஒரு காலையை நான் மறக்கவில்லை. அதே தொழிற்சாலையில்தான் என் அண்ணன் கான்ட்ராக்டில் வேலை பார்த்தான். அப்பா அந்த மீனை எடுத்துப் போட்டுவிட்டு, வீட்டில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இருவருக்கும் ஊரிலிருந்து தபால் ஓட்டுச்சீட்டுகள் வந்தன. ஓட்டுச்சீட்டை உறைக்குள் வைத்து ஒட்டி, உறையின் மேல் பெயரெழுதி, ஓட்டுப் போட்டவரும் ஒரு சாட்சியும் கையெழுத்திட வேண்டும். ஒருவருக்கு ஒருவர் சாட்சி. காலின் எழுதும்போது ராஸ் சுவரைப் பார்த்து நின்றார், ராஸ் எழுதும்போது காலின் ஜன்னலைப் பார்த்தார். அந்தக் கால்மணி நேரம்தான் அவர்கள் சண்டை போடாமல் ஒரே அறையில் இருந்து நான் பார்த்தது.

ராஸ் இரண்டு உறைகளையும் என்னிடம் தந்தார்.

"கிளாட்வின், இதை இன்னைக்கே கூரியர்ல அனுப்பிடு. இது போய்ச் சேரணும்."

"சேர்ந்துரும் சார்," என்றேன். அனுப்பும் கடிதங்களை வைக்கும் தட்டு நிறைந்திருந்தது. ஒரு நிமிடத்துக்கு என்று, மேஜையில் இருந்த வரைபடக் கட்டின்மேல் அவற்றை வைத்தேன். போன் வந்தது. சவுதியில் ஜுபைலிலிருந்து கிளையண்ட் ஏதோ ஒரு வரைபட எண்ணைக் கேட்டுக் கத்தினார். ஒரு கையில் ரிசீவர், இன்னொரு கையில் முத்திரை. பேசிக்கொண்டே குத்தினேன். டக், புரட்டு, டக், புரட்டு. அது கை பழகிய தாளம், மூளைக்கு அதில் வேலை கிடையாது.

போனை வைத்துவிட்டுக் குனிந்தேன். ராஸின் பெயருக்கும் கையெழுத்துக்கும் குறுக்கே, கொட்டை எழுத்தில், ஈரம் காயாமல்: சூப்பர்சீடட்.

அந்த இடத்தில் எழுந்து போய், "சார், தப்பு நடந்துபோச்சு" என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. கேட்டு வேறு உறை வாங்கவும் நாள் இருந்திருக்கும். ஆனால் விசா அடித்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. என் அம்மாவின் கன்ட்ரோலர் பட்டமும் கண்முன் வந்தது. உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பெயிண்ட் ஷெட்டுக்கு ஓடினேன். அங்கே ஆறுமுகம் அண்ணன் இருந்தார். பரமக்குடிப் பக்கம், யார்டில் பெயிண்டர், என் ரூம்மேட்.

"அண்ணே, இந்தச் செவப்பு மை போவுமா?"

அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னப்பா இது, கோர்ட்டு நோட்டீஸா?"

"ராஸ் சாரோட ஓட்டுண்ணே."

"ஓட்டு மேல எதுக்குய்யா சீல் வச்சே? ஓட்டுக்குள்ளதானே வைக்கணும்?" என்றவர், நான் அழப்போவதைப் பார்த்துவிட்டார். "சரி சரி, தின்னர் போட்டா போகாத மையே கெடையாது. பையத் தொடச்சு எடு. அழுத்தாத."

பஞ்சை நனைத்துக் கொடுத்தார். நான் அழுத்தினேன். சிவப்பு கொஞ்சம் மங்கி, ரோஸ் நிறத்தில் உறை முழுக்கப் பரவியது. கூடவே ராஸின் நீல நிறக் கையெழுத்தும் கரைந்து கிளம்பியது. சாட்சிக் கையெழுத்தான காலினும் அவரைத் தொடர்ந்தார். ஐந்து நிமிடத்தில் அந்த உறையில் முழுசாக எஞ்சியிருந்த ஒரே எழுத்து, பாதி மங்கிய 'சூப்பர்சீடட்' மட்டும்தான்.

ஆறுமுகம் அண்ணன் தொப்பியைக் கழற்றினார். "கலாஸ், தம்பி. முடிஞ்சுபோச்சு."

திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்தேன். மிச்சமிருந்தது காலினின் உறை, கட்டிலிருந்து நழுவி ஓரமாகக் கிடந்ததால் சுத்தமாக, கம்பீரமாக. இங்கேதான் என் கணிதப் பட்டம் குறுக்கே வந்தது. ராஸின் ஓட்டு கூட்டல் ஒன்று. காலினுடையது கழித்தல் ஒன்று. இரண்டும் போனால் பூஜ்யம், இரண்டும் போகாவிட்டாலும் பூஜ்யம். ஆனால் காலினுடையது மட்டும் போனால்? அது அநியாயம். ஒரு ஆறே செத்துப்போகும். ஆகவே நீதியை நிலைநாட்ட, காலினின் உறையையும் அனுப்பாமல் 'பழைய கடிதங்கள்' என்ற கோப்பில் வைத்தேன். ராஸின் உறையை, அந்தப் பஞ்சோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேஜையின் அடி இழுப்பறையில் தள்ளினேன். அன்று நான் நியாயமானவன் என்ற நிம்மதியோடு சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

ஓட்டுப்பதிவு முடிந்தது. எண்ணிக்கை மட்டும் முடியவில்லை. அந்த நாட்டில் தபால் ஓட்டு பின்னால் வந்துகொண்டே இருக்குமாம், அதுவரை காத்திருந்து எண்ணுவார்களாம். தினமும் காலையில் ராஸ் கம்ப்யூட்டரைத் திறந்து வித்தியாசத்தை உரக்கப் படிப்பார். முதல் நாள் சில நூறு. பிறகு எண்பது. பிறகு நாற்பத்தொன்று. ஆலைக் கட்சிதான் முன்னால். ஆனால் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

"தபால் ஓட்டெல்லாம் நம்ம பக்கம்தான் வருது. என்னோடதும் இந்நேரம் எண்ணியிருப்பாங்க," என்று என் தோளில் தட்டினார். "நீதான் அனுப்பினே, கிளாட்!"

எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்கு கிலோ குறைந்தேன். காலினும் அந்த நாட்களில் பேசவே இல்லை. தோற்றுவிடுவோம் என்ற பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் வித்தியாசம் பதினொன்றில் நின்றது. ஆலைக் கட்சி ஜெயித்தது.

ராஸ் அன்று எதையும் உரக்கப் படிக்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, வாராவாரம் செய்யும் பாதுகாப்புச் சோதனைக்கு யார்டைச் சுற்றக் கிளம்பினார். சுற்றி முடித்து ஆபீசுக்குள் வந்தவர் என் மேஜை அருகில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"தின்னர் வாசனை வருதே. யார் இங்கே தீப்பிடிக்கிற பொருளை வச்சது?"

நான் எழுந்து நின்றேன். அவர் குனிந்து இழுப்பறையைத் திறந்து, பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பிரித்தார். பஞ்சு கீழே விழுந்தது. ரோஸ் நிற உறையை வெளிச்சத்தில் பிடித்தார். கரைந்துபோன தன் பெயரை அவர் எழுத்தெழுத்தாகக் கண்டுபிடிப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"என்ன நடந்தது?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சுக் குரல் கேட்டு காலினும் தன் அறையிலிருந்து வந்து நின்றார். காலினின் உறையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் அது இன்றுவரை 'பழைய கடிதங்கள்' கோப்பில் இருந்திருக்கும். ஆனால் வாய் ஓடத் தொடங்கியபின் நிறுத்தத் தெரியவில்லை. கோப்பை எடுத்துவந்து உறையை மேஜைமேல் வைத்து, கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று, பூஜ்யம் என்று விளக்கவும் செய்தேன்.

ராஸ் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "கணக்கு சரிதான். எப்படியும் இவர் என் ஓட்டை அடிச்சிருப்பார். நஷ்டம் ஒண்ணுமில்லை."

காலின் தன் உறையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஆறடி மனிதர். காது மடலிலிருந்து கழுத்துவரை சிவந்துபோயிருந்தது.

"கணக்கு சரியில்லை," என்றார்.

ராஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"நானும் உன் கட்சிக்குத்தான் போட்டேன்."

"பொய் சொல்லாதே."

காலின் உறையைக் கிழித்து, உள்ளிருந்த சீட்டை மச்சானிடம் நீட்டினார். ராஸ் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அப்புறம் ஒரு வருஷமா எதுக்கு என்கிட்ட..."

"பையனுக்கு வேலை வேணும். அவன்கிட்ட ஆலை வரட்டும்னு சொல்லிட்டு, உன்கிட்ட வேற மாதிரி பேச முடியுமா? பேனாவைக் கையில எடுத்தப்போ உங்க அப்பா படகுல நிக்கிறது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்," என்றார் காலின்.

நான் அங்கே நின்றுகொண்டிருந்ததை இருவரும் மறந்துவிட்டார்கள். என் கண்முன் என் அப்பா வந்து நின்றார், செத்த மீனை எடுத்துப் போட்டுவிட்டு அண்ணன் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட உட்கார்ந்தவர். அவர் மனதுக்குள் எந்தப் பக்கம் என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. கேட்கலாம் என்று தோன்றியபோது நான் ஷார்ஜாவில் இருந்தேன், அவர் கல்லறைத் தோட்டத்தில்.

இரண்டு ஓட்டும் போயிருந்தாலும் பதினொன்றை மாற்றியிருக்காது. இதை ராஸ்தான் எனக்குச் சொன்னார், மறுநாள், நான் ராஜினாமாக் கடிதத்தோடு போனபோது. கடிதத்தை வாங்கவில்லை. "ஆனா இன்னொரு தடவை கணக்கு மட்டும் போடாதே," என்றார்.

அந்த வருடக் கடைசியில் இருவரும் ஒரே விமானத்தில் லீவுக்குப் போனார்கள். ராஸ் திரும்பி வரவில்லை, ஊரிலேயே தங்கிவிட்டார். சில வருடங்கள் கழித்து காலின் வழியாகச் சேதி வந்தது. ஆலை கட்டப்படவே இல்லையாம். ஓட்டினாலோ போராட்டத்தாலோ அல்ல, கட்ட வந்தவர்களே லாபம் இல்லை என்று போய்விட்டார்களாம். காலினின் மகன் எங்கோ பாலைவனத்துச் சுரங்கம் ஒன்றில் வேலைக்குப் போய்விட்டான். ஆறு தப்பித்தது, பையன் ஊரில் இல்லை. யார் ஜெயித்தார்கள் என்று காலின் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் ஊர் திரும்பிக் கல்யாணமாகி, மனைவியிடம் இதைச் சொன்னதுதான் என் வாழ்க்கையின் அடுத்த தவறு. இன்று எங்கள் வீட்டில் டிவி சேனலில் தொடங்கி மகளின் கல்லூரி வரை எதில் நாங்கள் முரண்பட்டாலும் மகள், "அப்பா ப்ளஸ், அம்மா மைனஸ், ரெண்டு பேரும் வீட்டிலேயே இருங்க" என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறாள்.

என் மனைவி ஒரு கட்சியின் தீவிர ஆதரவாளர். நான் அதற்கு நேர் எதிர். போன தேர்தலில் அவள் மூன்று வாரம் என்னோடு வாதாடி, தெருவில் நான்கு பேரிடம் ஓட்டும் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று போட்டுவிட்டு, விரல் மையை ஊதிக்கொண்டே வெளியே வந்தாள்.

"உன் கட்சிக்குத்தானே போட்ட?" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எதுக்குக் கேக்கிய? கணக்குப் போடவா?"

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அவள் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்தாள். இன்றுவரை சொல்லவில்லை.