எண்ண வந்தவரும் ஏத்தி விட்டவனும்

“முட்டியாங்க இது? பூசணிக்கா மாதிரி இருக்கு.”

அம்மாக்கண்ணு வெந்நீர்த் துணியைப் புருஷனின் வலது முழங்காலில் வைத்து அழுத்தினாள். அழகுமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு கூரைத் தகரத்தைப் பார்த்தான்.

கருங்கல் தேயிலைத் தோட்டத்துத் தபால்காரன் அவன். விடிந்ததும் தோல்பையையும் தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மூன்றரை மைல் இறங்கி லிந்துலைச் சந்திக்குப் போவான். துரையின் கடிதம், ரொட்டி, இறைச்சி எல்லாவற்றையும் வாங்கி முதுகில் போட்டுக்கொண்டு பதினோரு முடக்கு வளைந்து வளைந்து ஏறித் திரும்பி வருவான். பன்னிரண்டு வருஷம் ஏறிய கால் இந்த மாசியில் மாட்டேன் என்றது. போன வாரம் மட்டும் மூன்று நாள் தாமதம்.

“இன்னிக்குக் காலையில ஆளு கூப்பிடுற பெரட்டுல எல்லாரு முன்னாடியும் கணக்கப்பிள்ளை சொல்லிட்டாரு,” என்றான் அழகுமுத்து. “இன்னொரு நாளு பிந்தினா என்னய முள்ளுக்குத்த அனுப்பணும்னு தொர உத்தரவாம்.”

முள்ளுக்குத்து என்றால் செங்குத்து மலையில் நின்று இரும்பு முள்ளால் மண்ணைக் கிளறும் வேலை. இந்தக் காலை வைத்துக்கொண்டு இரண்டு நாள் தாங்காது. மூன்றாம் நாள் வேலைக்கு ஆகாதவன் என்று பேர் வெட்டுவார்கள். பேர் போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும்.

“அந்தச் சம்முகராசா மொதலாளி பஸ்ஸு மட்டும் தோட்டம் வரைக்கும் வந்துட்டா உங்களுக்கு ஏன் இந்தப் பாடு?” என்றாள் அம்மாக்கண்ணு.

அழகுமுத்து மட்டுமா, தோட்டம் முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. லிந்துலைக் கடைவீதியில் அரிசிக்கடை வைத்திருந்த சண்முகராஜாவிடம் ஒரு பஸ் இருந்தது. தலவாக்கொல்லை ஸ்டேஷனில் கிளம்பிச் சந்தியில் நின்றுவிடும். அதற்கு மேல் கூலிக்கு ஓட்டக் கச்சேரி என்னும் சர்க்கார் ஆபீஸின் அனுமதி வேண்டும். முதல் முடக்கில், பஸ் உரசிக்கொண்டுதான் நுழைய முடிகிற மதகை அகலப்படுத்தச் சர்க்கார் காசும் வேண்டும். அதுவோ தேயிலை விலை விழுந்த காலம். தோட்டத்தில் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை. சர்க்காரும் கையை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது.

மறுநாள் சந்தியில் சண்முகராஜா அவனைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

“அழகுமுத்து, காரியம் பழுத்துருச்சு! நாளைக்குக் கச்சேரியில இருந்து ஒரு ஐயா வர்றாரு. மூணு நாளு மதகுகிட்ட உக்காந்து ஆளு எண்ணப் போறாராம். நூறு பேரு தேறுனா பஸ்ஸுக்கு அனுமதி, மதகுக்குக் காசு, ரெண்டும் உண்டு. கச்சேரி வண்டிக்காரன் சொன்னான்.”

“நூறு பேரு என்னா செய்யணும் மொதலாளி?”

“என்னாய்யா கேள்வி இது? பஸ்ஸுக்கு எண்ண வர்றவன் பஸ்ஸுல ஏறுறவனத்தான எண்ணுவான்? பின்ன ஆட்டுக்குட்டியவா எண்ணுவான்?”

“அந்த ஐயாகிட்டயே ஒரு வார்த்த கேட்டுட்டா...”

சண்முகராஜா வாயைப் பொத்திக்கொண்டார். “ஐயோ, கிட்டயே போகாத! போன வருசம் வந்தவருக்கு மரியாதைக்கு ஒரு சேவல் அனுப்புனேன். லஞ்சம்னு எழுதிட்டுப் போயிட்டாரு. சேவலயும் கையோட கொண்டுட்டுப் போயிட்டாரு. இந்தத் தடவ அவருகிட்டயோ அவரு பியூன்கிட்டயோ யாரும் மூச்சு விடக்கூடாது.”

ஏற்பாடு முடிவாயிற்று. அனுமதி இல்லாமல் கூலி வாங்கக் கூடாது; ஆகவே மூன்று நாளும் சும்மா ஏற்றுவது. தபால் பையைச் சண்முகராஜாவே சந்தியில் வாங்கி பஸ்ஸில் போட்டுத் தோட்டத்து ஆபீஸில் இறக்கிவிடுவார். அழகுமுத்து ரோட்டில் நின்று ஆள் பிடித்து ஏற்ற வேண்டும்.

கச்சேரி ஐயா வந்தார். கண்ணாடி போத்தல் அடிப்பாகம்போல் தடித்த மூக்குக்கண்ணாடி. மதகின் ஓரத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பியூன் பின்னால் நின்று குடை பிடித்தான். தூறலும் பனியுமாக இருந்தது. ஐயா கண்ணாடியைத் துடைப்பதும் மாட்டுவதுமாக இருந்தார்.

வேலையில்லாத நாள் என்பதால் தோட்டத்து ஆட்கள் கம்பளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கடைவீதிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது பேர் மதகைத் தாண்டி நடந்து போனார்கள். ஐயாவின் பென்சில் ஒன்பது தடவை கீறியது.

அழகுமுத்து அதைப் பார்த்தான். இப்படி எல்லாரும் நடந்தே போனால் இவர்களுக்கு பஸ் எதற்கு என்று எழுதிவிட மாட்டாரா? நொண்டிக்கொண்டே முடக்குக்கு மேலே ஓடினான். லயத்து ராசம்மா விறகுக் கட்டோடு வந்துகொண்டிருந்தாள்.

“நடக்காத ராசம்மா! பஸ்ஸுல ஏறு, சும்மாதான்!”

ராசம்மா நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “சும்மா ஏத்துறவன் எங்க கொண்டு போயி எறக்குவான்னு யாருக்குத் தெரியும் அண்ணே? எங்க தாத்தாவயும் தோட்டத்துக்குன்னு இப்படித்தான் கப்பல்ல சும்மா ஏத்துனாங்க.”

“எம் முட்டிய பாரு தாயி. இந்த பஸ்ஸு வரலன்னா எனக்குப் பேர் வெட்டு.”

ராசம்மா முட்டியைப் பார்த்தாள். விறகை பஸ் கூரையில் எறிந்துவிட்டு ஏறினாள்.

மத்தியானத்துக்குள் ரோடு துடைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு ஆள் கால் தரையில் படவில்லை. பஸ் நிறைந்து போயிற்று, நிறைந்து வந்தது. ஆனால் அது கடக்கும்போதெல்லாம் ஐயா பென்சிலைத் தொடவில்லை. கொட்டாவி விட்டார். ஒரு தடவை தூங்கிக்கூடப் போனார்.

அவர் பென்சில் அசைந்தது ஒரு சமயத்தில் மட்டும்தான். அழகுமுத்து மதகைத் தாண்டி மேலே போனால் ஒரு கீறல். கீழே வந்தால் ஒரு கீறல்.

“நாந்தான் ஆளுங்கள விரட்டி ஏத்துறேன்னு கண்டுபிடிச்சிட்டாரு மொதலாளி,” என்றான் சாயங்காலம். “எம் மேல பிராது எழுதுறாரு.”

“மூஞ்சியக் காட்டாத. கம்பளிய நல்லா இழுத்து விட்டுக்க. வேற என்னா சொன்னாரு?”

“பியூன்கிட்ட சிங்களத்துல ‘மினிஸ்ஸு கோ?’ன்னு கேட்டாரு. மனுசங்க எங்கேன்னு.”

“அப்போ ஆளு பத்தல!” சண்முகராஜா தொடையில் தட்டினார். “நாளைக்கு இன்னும் ஏத்துறோம்.”

ஏற்றுவதற்கு ஆள் வேண்டுமே. தோட்டத்தில் நடக்கக்கூடிய அத்தனை பேரும் முதல் நாளே போய் வந்துவிட்டார்கள். இரண்டாம் நாள் அழகுமுத்துவே ஒரு வழி கண்டான். பஸ் ரோடு பதினோரு முடக்கு சுற்றிப் போகும். தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையோ நேரே இறங்கிச் சந்திக் கொல்லன் பட்டறைக்குப் பின்னால் வந்துவிடும். மேலே போய் இறங்கியவர்கள் குறுக்கே ஓடி வந்து மறுபடி ஏறினால் ஐயாவுக்கு எப்படித் தெரியும்? கம்பளிக்குள் எல்லாரும் ஒரே ஆள்தான்.

ராசம்மா மத்தியானத்துக்குள் ஐந்து தடவை ஏறிவிட்டாள்.

“பெரிய கங்காணி பொண்டாட்டிகூட இத்தன தடவ பஸ்ஸுல போனதில்ல,” என்று ஜன்னலோர இடத்தில் சாய்ந்துகொண்டாள். “இன்னும் ரெண்டு நாளு எண்ணச் சொல்லுங்க அண்ணே.”

ஒரு துணி வியாபாரி மூட்டையோடு கீழே நடந்து வந்தார். அழகுமுத்து அவரை மூட்டையோடு பஸ்ஸுக்குள் தள்ளினான்.

“யோவ், இது மேல போகுது! நான் கீழ போகணும்யா!”

“மேல போயிட்டுக் கீழ வரலாம். எங்கயும் நடந்துறாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

பஸ் திரும்பி வந்தபோது, சந்தியில் ஏற முண்டியடித்த கூட்டத்தில் அவரால் இறங்க முடியவில்லை. மூன்றாவது தடவை மேலே போனபோது அவர் சத்தம் போடுவதை விட்டுவிட்டுப் பஸ்ஸிலேயே சேலை விற்க ஆரம்பித்தார்.

குறுக்குப் பாதையில் இறங்க அழகுமுத்துவின் கால் இடம் கொடுக்காது. அவன் ரோட்டிலேயே போனான். முடக்குக்கு மேலே யாராவது நடந்து வருகிறார்களா என்று பார்க்க ஏறுவான். சந்தியில் யாராவது நடக்கக் கிளம்புகிறார்களா என்று பார்க்க இறங்குவான். ஒவ்வொரு தடவையும் மதகில் பென்சில் கீறும் சத்தம் கேட்கும். கம்பளியை மூக்கு வரை இழுத்துக்கொண்டு இன்னும் வேகமாக நொண்டுவான். முட்டி, செருப்புக் கட்டையில் ஆணி அடித்ததுபோல் குத்தியது.

அன்றும் ஐயா பஸ்ஸைப் பார்த்து எழுதவில்லை.

மூன்றாம் நாள் சண்முகராஜாவுக்கு வெறி பிடித்துவிட்டது. பதினாறு பேர் உட்காரும் பஸ்ஸில் முப்பத்திரண்டு பேரை அடைத்தார். தபால் பையும் ரொட்டியும் இறைச்சிப் பெட்டியும் டிரைவர் காலடியில் கிடந்தன. கூரையில் துணி மூட்டை. அதன்மேல் துணி வியாபாரி.

சரியாக மதகுக்கு எதிரே, ஐயாவின் மூக்குக்கு முன்னால், பஸ் ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது.

“எறங்கித் தள்ளுங்கப்பா!” என்று டிரைவர் கத்தினான்.

எல்லாரும் குதித்தார்கள். தள்ளிக்கொண்டே பத்து எட்டு நடந்தார்கள். ஐயா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். பென்சில் பறந்தது. பக்கம் புரண்டது.

“கெட்டுது குடி!” அழகுமுத்து நொண்டியடித்து ஓடி வந்தான். “ஏறுங்க! ஏறுங்க! பஸ்ஸுல இருந்து எறங்கி நடக்குறதப் பாத்து எழுதுறாருய்யா! ஏறிச் சும்மா உக்காருங்க!”

“ஏறி உக்காந்தா யாரு தள்ளுறது?” என்றாள் ராசம்மா.

“யாரும் தள்ள வேணாம்! ஏறு தாயி!”

முப்பத்திரண்டு பேரும் ஏறினார்கள். நின்ற பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு, எங்கோ போய்க்கொண்டிருப்பவர்களைப்போல் நேரே பார்த்தபடி உட்கார்ந்தார்கள். ஐயா அவர்களைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பென்சிலைத் திருப்பிப் பிடித்து, அப்போது எழுதியதை மட்டும் ரப்பரால் அழித்தார். கடைசியில் பஸ் தானாகவே பின்னால் உருண்டு சந்திக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்போதுதான் அழகுமுத்துவுக்குத் தபால் பை ஞாபகம் வந்தது. ஆபீஸில் பை சேர வேண்டிய நேரத்துக்கு இன்னும் ஒரு மணிகூட இல்லை. பையை எடுத்து முதுகில் போட்டான். ஒரு எட்டு வைத்தான். கால் மடங்கி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ராசம்மா பையையும் பெட்டியையும் பிடுங்கித் தலையில் வைத்தாள். “இங்கிட்டுக் குடுங்க அண்ணே. ரெண்டு நாளா அந்தக் குறுக்குல ஓடி ஓடி எனக்குக் கண்ண மூடினாலும் கால் போகும்.”

இன்றைக்குப் பை நேரத்துக்குப் போய்விடும். நாளைக்கு? அழகுமுத்து ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் ஐயா நோட்டை மூடிவிட்டுச் சந்தியில் நின்ற கச்சேரி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பியூன் நாற்காலியையும் குடையையும் மடக்கி எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். இனி மூச்சு விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன? சண்முகராஜா அவனை மறித்தார்.

“தம்பி, பஸ்ஸுல மொத்தம் எத்தன பேருன்னு எழுதியிருக்காரு?”

“பஸ்ஸுலயா?” பியூன் முழித்தான். “பஸ்ஸுல போறவங்கள யாரு எண்ணுனா? அது ஏதோ கல்யாண வீட்டு பஸ்னு ஐயா விட்டுட்டாரு. ஒரே சனம் சிரிச்சிக்கிட்டு மேலயும் கீழயுமா போனா வேற என்னா நெனைக்கிறது? கூரைமேல ஒருத்தரு சேல வேற காட்டுனாரு.”

“அப்போ எதைத்தான்யா எண்ணுனாரு?”

“நடக்குறவங்களத்தான். வண்டி இல்லாம நடந்து கஷ்டப்படுறவங்க நூறு பேரு இருந்தாத்தான பஸ்ஸு விடணும்? ஏற்கெனவே பஸ்ஸுல போறவனுக்கு எதுக்கு பஸ்ஸு?”

சண்முகராஜா மெதுவாக அழகுமுத்துவின் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். மூன்று நாள். தோட்டத்தில் ஒருத்தன் கால் மண்ணில் படாமல் பொத்திப் பொத்தி ஏற்றியாயிற்று.

“முதல் நாளு காலையில நடந்த ஒம்போது பேரு,” என்றான் அழகுமுத்து. “அதோட சரி. நானே எல்லாத்தயும் கெடுத்துட்டேன் மொதலாளி. நாளைக்கு முள்ளுதான்.”

“ஒம்போதா?” பியூன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தபடியே சொன்னான்: “நூத்திப் பன்னெண்டு பேரு நடந்திருக்காங்கண்ணே, பனியில மூஞ்சிதான் ஐயாவுக்குச் சரியாத் தெரியலையாம், ஆனா அந்த ஒம்போது பேரு போக மிச்சம் அத்தன பேருக்கும் வலது காலு நொண்டுதாம், ‘இந்தத் தோட்டத்துக்கு உடனே பஸ் வேண்டும்’னு அடியில செவப்பு மையில எழுதிட்டாரு.”