தொண்ணூற்றெட்டாம் வருஷத்துக் கல்யாணம்

மனித குலத்தின் துன்பங்கள் அனைத்துக்கும் மூலகாரணம் தெளிவு. இந்த உண்மை கண்டறியப்பட்ட ஊர் திருத்தணி. கண்டறிந்தவன் நான்.

நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய என் கைப்பேசி, மலைப்படியில் உட்கார்ந்திருக்கும் குரங்கின் இமை மயிரைக்கூட எண்ணித் தரும். அந்த அவமானத்திலிருந்து அதை மீட்கப் பெரும்பாடு பட்டேன். லென்ஸில் தேங்காய் எண்ணெய் தடவினேன். பால் கவரைக் கத்தரித்து ஒட்டினேன். கடைசியில் ஒரு செயலி கிடைத்தது. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் பொம்மை கேமராவில் ஃபிலிம் போட்டு எடுத்தால் படம் எப்படியெல்லாம் கெடுமோ, அப்படியெல்லாம் இது கெடுத்துக் கொடுக்கும். ஓரங்கள் இருளும். நடுவில் சிவப்பாக வெளிச்சம் ஒழுகும். எடுத்த படத்தை உடனே காட்டாது. "ஃபிலிம் கழுவப் போயிருக்கிறது" என்று மூன்று நாள் காக்கவைக்கும். அசல் படத்தைத் தனியாகச் சேமித்துவைக்கும் அற்பத்தனம் அதற்குக் கிடையாது.

இந்தக் கலையைப் பரப்ப 'திருத்தணி மங்கல் கலை மன்றம்' தொடங்கப்பட்டது. தலைவரும் செயலாளரும் நானே. உறுப்பினர்கள் இருவர்: லுங்கிக் கடையில் வேலை பார்க்கும் விஜயன், பைக் மெக்கானிக் சமியுல்லா. "மன்ற நிகழ்ச்சிகளில் தெளிவான படம் எடுப்பது ஒழுங்கீனம்" என்று முதல் கூட்டத்திலேயே ஏகமனதாகத் தீர்மானித்தோம். சமியுல்லா அப்போது டீ வாங்கப் போயிருந்தான்.

மன்றத்தின் முதல் நிகழ்ச்சி, விஜயனின் கல்யாணம்.

மணப்பெண் மோனிஷா, பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் பரசுராமனின் மகள். பரசுராமன் சம்மதிக்கவில்லை. பெரியவர்கள் வராமல் கோயிலில் ரசீது போட மாட்டோம் என்றுவிட்டார்கள். ஆகவே மலைப்படியிலேயே தாலி. பதிவு அலுவலகத்தில் காட்ட ஒரு படம் வேண்டும். கல்யாணம் நடந்ததற்கு அது ஒன்றுதான் சான்று. வரலாறு தன் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தது.

"தலைவரே, நானும் ஒண்ணு எடுத்துக்கிறேனே" என்று சமியுல்லா தன் கைப்பேசியை எடுத்தான்.

"தாராளமா எடு. மன்றத்துலேருந்து நீக்கிடுவேன்."

உள்ளே வைத்துவிட்டான்.

"அண்ணா, எங்க மூஞ்சி தெரியுதா?" என்றாள் மோனிஷா.

"தெரியாதும்மா, கவலப்படாத."

மூன்று நாள் அவளை சமியுல்லாவின் அக்கா ஆலிமா தன் வீட்டில் வைத்துக்கொண்டார். இதற்குள் பரசுராமன், கல்யாணமே நடக்கவில்லை, என் பெண்ணை ஏமாற்றி வைத்திருக்கிறார்கள் என்று பதிவு அலுவலகத்தில் ஆட்சேபனை மனு கொடுத்துவிட்டார்.

நான்காம் நாள், மணமக்களும் மன்றமுமாகப் பதிவு அலுவலகம் போனோம். கழுவி வந்த படத்தை அச்செடுத்து, அலுவலர் புஷ்பலதாவின் மேசையில் பயபக்தியுடன் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"மாப்பிள்ள யாருப்பா?"

"அந்தச் சிவப்பு, மேடம்."

"பொண்ணு?"

"ஓரத்துல இருட்டா இருக்கே, அது."

"தாலி கட்டுற கை மட்டும் தெரியுது. யாரு கைன்னு எழுதறது? கீழ இன்னா இது, ஆரஞ்சுல?"

செயலி தானாகப் பொறிக்கும் தேதி அது. "நாளும் மாசமும் சரிதான் மேடம். தொண்ணூத்தெட்டுங்கறது மட்டும் கலை."

"பொண்ணு பொறந்ததே ரெண்டாயிரத்து மூணு. பொறக்கறதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே கட்டிகினாளா? இது குழந்தைத் திருமணத்தவிடப் பெரிய கேஸுப்பா!"

அப்போது வாசலில் வேன் நின்றது. பரசுராமன் நேராக மகளிடம் வந்தார்.

"கல்யாணம்னு எதனா நடந்துச்சா? காட்டு. இல்லன்னா வண்டில ஏறு."

விஜயன் படத்தைக் காட்டினான். பரசுராமன் பிடுங்கினார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தோம். கிழிக்கவில்லை. ஜன்னலோரம் போய், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எங்க கெடச்சுது உங்களுக்கு?" குரல் இறங்கியிருந்தது. "தொண்ணூத்தெட்டுன்னு போட்டிருக்குதே! இது நானும் தேவகியும், மலப்படில. படம் புடிச்சவன் ஃபிலிம வெயில்ல காட்டிட்டான், ஒண்ணும் தேறலன்னு கைய விரிச்சிட்டானே!"

தேவகி, மோனிஷாவின் அம்மா.

"மலப்படியிலயா?" என்றாள் மோனிஷா. "நைனா, தாத்தா பாத்து முடிச்ச சம்பந்தம்னு சொன்னியே!"

"தாத்தா அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல ஆளு வச்சி எங்களத் தேடிகினு இருந்தாரு."

அலுவலகமே பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டது.

"சார், அப்ப உங்க ஆட்சேபனை?" என்றார் புஷ்பலதா.

"கிழிச்சிப் போடுங்கம்மா."

"நைனா, அது வந்து..." என்று ஆரம்பித்த மோனிஷா, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக இல்லாத படம் அவர் கையில் இருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்து, மேலே உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

"அம்மாகிட்ட காட்டணும். நீங்க ரெண்டு பேரும் சாயங்காலமா வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போனார்.

கலை வென்றது! ஒரு தந்தையின் மனத்தை மாற்றியது! எனக்கே ஒரு பாராட்டுத் தீர்மானம் போட மனதுக்குள் வாசகம் தயாரித்துக்கொண்டிருந்தேன். புஷ்பலதா விண்ணப்பத்தை விஜயனிடமே திருப்பி நீட்டினார்.

"ஆட்சேபனை இல்ல. ஆனா கல்யாணமும் இல்லியேப்பா. சான்று எங்க?"

சான்று பொதட்டூர்பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்னொன்று அச்செடுத்தாலும் அதே சிவப்பும் அதே தொண்ணூற்றெட்டும்தான் வரும். மறுபடியும் படியேறி, மாலை மாற்றி, படம் எடுத்துக்கொண்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை. சமியுல்லா தன் கைப்பேசியின் லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்தான்.

தலைவர் என்ற முறையில் நான் பெருந்தன்மையோடு முன்வந்தேன். "கவலப்படாதம்மா, நானே எடுத்துத் தரேன். இந்தத் தடவ வேணும்னா எண்பத்தஞ்சு போட்டுக்கலாம்."

மோனிஷா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க நைனாவுக்கு அவரு கல்யாண நாளு கெடச்சிடுச்சி. எங்க கல்யாண நாள நீ எங்கண்ணா போட்ட?"