இரண்டு டிகிரி குறைகிறது, மாப்பிள்ளை

ட்ரெஸ்டன்,
ஜனவரி 14

அன்புள்ள மாப்பிள்ளை ஹென்னிங்குக்கு, மாமனார் எக்பெர்ட் எழுதுவது. நீங்களும் என் மகள் ஸில்கெயும், புதுக் கட்டடங்களின் வெப்பத் தரத்தை வகுக்கும் உங்கள் குழுவினரும் நலம் என்று நம்புகிறேன். இங்கு நான் சௌக்கியம். வீடுதான் சற்று அசௌக்கியம்.

உங்கள் தரப்படி கட்டிய முதல் வீடுகளில் ஒன்றில் குடியிருப்பது எனக்குப் பெருமைதான். முழங்கை நீளத்துக்குக் கனமான சுவர், ஜன்னலுக்கு மூன்று கண்ணாடி, தனியாகக் கணப்பே கிடையாது. குடியிருப்பவர்களின் உடம்புச் சூட்டையும் கணக்கில் சேர்த்தால் இருபது டிகிரி நிற்கும் என்றீர்கள், நின்றது. ஆனால் உங்கள் மாமியார் ஹெட்விக் நாற்பத்தொரு வருடமாகக் காலையில் எழுந்ததும் எல்லா ஜன்னலையும் பத்து நிமிடம் விரியத் திறந்துபோடுகிறவள், பனி கொட்டினாலும் திறப்பாள். இயந்திரமே காற்றை மாற்றிவிடுகிறது, ஜன்னலைத் திறந்தால் மாப்பிள்ளையின் தரம் என்னாவது என்று சொல்லிப் பார்த்தேன். "மிஷின் விட்ட மூச்சை நான் இழுக்கணுமா? உங்க மாப்பிள்ளை ஒரு வாரம் இங்க படுத்துப் பாக்கட்டும்" என்றாள். குடும்ப மானத்தை நினைத்து ஜன்னல் கைப்பிடிகளை எல்லாம் கழற்றி அலமாரியில் பூட்டிவிட்டேன். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு பிர்னாவில் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாளே வீடு பதினெட்டு டிகிரிக்கு இறங்கிவிட்டது. இயந்திரம் பழுதுபார்க்கிற தியெலெயை வரவழைத்தேன். அவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல சார். ரெண்டு பேருக்குப் போட்ட கணக்கு. ஒரு ஆள் குறையுது" என்றார். அதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டேன். "அது என் வேலையில வராது சார்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஹெட்விக் இல்லாதது எனக்கொன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அந்த இரண்டு டிகிரிதான் தெரிகிறது. ஆகவே மனைவி கோபித்துக்கொண்டு போன வீடுகளுக்கென்று தரத்தில் ஓர் உட்பிரிவு சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டு கம்பளிச் சட்டை போட்டும் கணவன் விறைக்கிறான் என்பதைக் குறிப்பில் ஏற்றவும். ஸில்கெயிடம் சொல்ல வேண்டாம், அம்மாவிடம் ஓதிவிடுவாள்.

இருவரும் நோய்நொடியின்றி நீடு வாழ வாழ்த்தும்,
எக்பெர்ட்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மனம் கேட்காமல் பிர்னாவுக்குப் போன் செய்தேன். அங்கே ஜன்னல் இடுக்கெல்லாம் காற்று அடிக்கிறதாம், பதினான்கு டிகிரிதானாம். "குளிருதா?" என்றேன். "குளிருது. வர்றீங்களா?" என்றாள். மேலே எழுதிய எதையும் குழுவில் வைக்க வேண்டாம். நாலு மணி ரயிலுக்குக் கிளம்புகிறேன். ஆளே இல்லாத வீடு எத்தனை டிகிரியில் நிற்கும் என்று நீங்களே வந்து பார்த்துக்கொள்ளுங்கள். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது.